மில் கம்ப்யூட்டரில் லாக் கோப்புகளைச் சுழற்றுவது எப்படி: லாக்ரொடேட் செய்முறை

தை, மாசியில் சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும்போது மன்னார்குடி, திருவாரூர் பக்கத்து அரவை மில்களிலிருந்து வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: "பில் சேவ் ஆகமாட்டேங்குதுங்க." எடைமேடையில் லாரி ஏறி நிற்கும், பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும், திரையில் டிஸ்க்கில் இடமில்லை என்ற செய்தி வரும். போய்ப் பார்த்தால் இடத்தை அடைத்திருப்பது பில்லும் இல்லை, போட்டோவும் இல்லை. எடைமேடை சாஃப்ட்வேர் ராப்பகலாக எழுதித் தள்ளிய லாக் கோப்புதான், அதாவது நடப்பதையெல்லாம் வரிவரியாகக் குறித்துவைக்கும் பதிவேடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேடையிலிருந்து வரும் எடையை வினாடிக்கு 10 தடவை குறித்து வைக்கிறது, ஒரு வரிக்கு 80 பைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 69 எம்பி. இரண்டு மாதத்தில் 4 ஜிபிக்கு மேல். சின்ன எஸ்எஸ்டி போட்ட பழைய கம்ப்யூட்டர் எத்தனை பருவம்தான் தாங்கும்?

இதற்கு லினக்ஸில் லாக்ரொடேட் என்ற கருவி இருக்கிறது. அது லாக்கை அவ்வப்போது தனிக் கோப்பாக ஒதுக்கி வைத்து, மிகப் பழையதை அழித்துவிடும்; இதைத்தான் சுழற்றுவது என்கிறோம். ரெட் ஹேட் நிறுவனத்தில் எரிக் ட்ரோன் எழுதத் தொடங்கியது. இன்று அநேகமாக எல்லா லினக்ஸிலும் கூடவே வருகிறது. நான் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வைத்துச் சொல்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் எழுதியிருக்கிறேன், நீங்கள் டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் யார் இடத்தை அடைத்தது என்று பாருங்கள்

"டிஎஃப் -எச்" அடித்தால் எந்தப் பார்ட்டிஷன் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். அப்புறம் "சூடோ டியூ -எஸ்எச் /வார்/லாக்/*" அடித்தால் எந்த லாக் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும் (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்). சாஃப்ட்வேர் தன் லாக்கை வேறு இடத்தில் எழுதினால் அந்த ஃபோல்டருக்கும் இதையே அடியுங்கள். நம் உதாரணத்தில் அது /ஆப்ட்/எடைமேடை/லாக்.

பெரிய கோப்பைக் கண்டதும் "ஆர்எம்" போட்டு அழிக்கக் கை பரபரக்கும். தயவுசெய்து அழிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேர் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், பெயர் மட்டும்தான் மறையும், இடம் திரும்பி வராது. அது தெரியாமல் "அழிச்சிட்டேன், இன்னும் ஃபுல்லுன்னே காட்டுது" என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். அப்படி ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? "சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1" அடித்தால், அழித்த பிறகும் எந்த புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும். இதில் கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் எல் மட்டும் பெரிய எழுத்து. அந்த புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் இடம் கிடைத்துவிடும்.

அவசரத்துக்கு, லாக்கை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு "சூடோ ட்ரங்கேட் -எஸ் 0" போட்டு, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுங்கள். கோப்பு இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் காலியாகும். வரிசையில் நிற்கும் லாரிகள் நகரட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இதைத்தான் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. எங்கேயோ பார்த்த 7 என்ற எண்ணை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் ஒரு விவசாயி தன் நெல்லுக்கு எடை குறைந்துவிட்டது என்று பத்து நாள் கழித்து வந்து கேட்டால், அந்த இரவில் மேடை என்ன காட்டியது என்பதற்கு இந்த லாக்தான் சாட்சி. அவருக்கும் சாட்சி, மில்காரருக்கும் சாட்சி. தவிர, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இந்திய அரசின் சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதனால் நான் 180 என்றே போடுகிறேன். இடம் பற்றிக் கவலை வேண்டாம்: ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வரும் லாக்கை கம்ப்ரஸ் செய்தால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவது சகஜம். நாளுக்கு 7 எம்பி என்றாலும் 180 நாளுக்கு 1.3 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

விதியை எழுதுங்கள்

/ஈடிசி/லாக்ரொடேட்.டி ஃபோல்டருக்குள் எடைமேடை என்று ஒரு கோப்பை சூடோ போட்டு நானோ எடிட்டரில் திறந்து இப்படி எழுதுங்கள்:

/ஆப்ட்/எடைமேடை/லாக்/*.லாக் {
  எஸ்யூ மில் மில்
  டெய்லி
  ரொட்டேட் 180
  டேட்எக்ஸ்ட்
  கம்ப்ரஸ்
  மிஸ்ஸிங்ஓகே
  நாட்இஃப்எம்ப்டி
  காப்பிட்ரங்கேட்
}

முதல் வரியில் வெறும் நட்சத்திரக் குறி போடாமல் *.லாக் என்று போட்டதற்குக் காரணம் இருக்கிறது. வெறும் நட்சத்திரம் என்றால் ஏற்கெனவே சுழற்றிய பழைய கோப்புகளையும் மறுபடி சுழற்றி ஃபோல்டரையே குழப்பிவிடும். எஸ்யூ வரி, எந்த யூசர், எந்த குரூப் பெயரில் வேலை நடக்க வேண்டும் என்பது (நம் உதாரணத்தில் இரண்டின் பெயரும் மில்). அந்த ஃபோல்டரில் ரூட் (நிர்வாகி) அல்லாதவர்களும் எழுத முடியும் என்றால் இந்த வரி இல்லாமல் லாக்ரொடேட் சுழற்ற மறுத்துவிடும். டெய்லி என்றால் தினமும் சுழற்று, ரொட்டேட் 180 என்றால் பழைய கோப்புகளில் 180-ஐ வைத்துக்கொள், டேட்எக்ஸ்ட் என்றால் பழைய கோப்பின் பெயரில் தேதியைச் சேர், கம்ப்ரஸ் என்றால் சுருக்கி வை. மிஸ்ஸிங்ஓகே என்றால் கோப்பு இல்லாவிட்டாலும் பிழை காட்டாதே, நாட்இஃப்எம்ப்டி என்றால் காலியாக இருந்தால் விட்டுவிடு.

காப்பிட்ரங்கேட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லாக்ரொடேட் வழக்கமாகப் பழைய கோப்புக்கு வேறு பெயர் வைத்துவிட்டுப் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கும். ஆனால் ஓடுகிற சாஃப்ட்வேர் பிடித்துக்கொண்டிருப்பது பெயரை அல்ல, கோப்பையே. பெயர் மாறினாலும் அது பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். என்ஜின்எக்ஸ் மாதிரியான சர்வர்களுக்கு "லாக்கைப் புதிதாகத் திற" என்று சிக்னல் அனுப்ப முடியும், அதற்கான விதியும் அவற்றின் பேக்கேஜிலேயே வந்துவிடும். எடைமேடை, பில்லிங் சாஃப்ட்வேர்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. அங்கேதான் காப்பிட்ரங்கேட்: முதலில் பிரதி எடுக்கும், பிறகு மூலக் கோப்பைக் காலி செய்யும். இந்த இரண்டுக்கும் நடுவில் எழுதப்படும் சில வரிகள் போகலாம், பிரதி எடுக்க டிஸ்க்கில் இடமும் வேண்டும்.

இன்னொன்று. சில சாஃப்ட்வேர்கள், கோப்பு காலியான பிறகும் பழைய இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும். "எல்எஸ் -எல்" பழைய பெரிய அளவையும் "டியூ" சின்ன அளவையும் காட்டினால் உங்கள் சாஃப்ட்வேர் அந்த ரகம். அப்போது காப்பிட்ரங்கேட்டை எடுத்துவிட்டு, போஸ்ட்ரொட்டேட், எண்ட்ஸ்கிரிப்ட் என்ற இரண்டு வரிகளுக்கு நடுவில் சாஃப்ட்வேரை ரீஸ்டார்ட் செய்யும் கட்டளையைக் கொடுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

"சூடோ லாக்ரொடேட் -டி /ஈடிசி/லாக்ரொடேட்.டி/எடைமேடை". இது எதையும் தொடாது, என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். பிழை இல்லை என்றால் -டிக்குப் பதிலாக -விஎஃப் போட்டு ஒரு தடவை கட்டாயமாகச் சுழற்றுங்கள். கட்டாயப்படுத்தாமல் விட்டால் முதல் நாள் ஒன்றும் நடக்காது; புதிய கோப்பை முதல் தடவை பார்க்கும்போது லாக்ரொடேட் தேதியை மட்டும் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு /வார்/லிப்/லாக்ரொடேட்/ஸ்டேட்டஸ் கோப்பில் இருக்கும்.

"டெய்லிக்குப் பதில் சைஸ் 100எம் போட்டால் 100 எம்பி தொட்டதும் சுழலும்தானே?" என்று கேட்கிறார்கள். சுழலாது. லாக்ரொடேட் ஓடும் நேரத்தில்தான் அளவைப் பார்க்கும், அது ஓடுவது நாளுக்கு ஒரு தடவை, நள்ளிரவை ஒட்டி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தாலும் பாதகமில்லை. உபுண்டுவின் டைமர், விட்டுப்போனதை அடுத்த முறை ஆன் செய்ததும் ஓட்டிவிடும். "சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்" அடித்தால் கடைசியாக எப்போது ஓடியது, அடுத்தது எப்போது என்று பார்க்கலாம்.

சிஸ்டத்தின் சொந்த ஜர்னல் இதில் சேராது. "ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்" அதன் அளவைச் சொல்லும். தானாக விட்டால் டிஸ்க்கில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். சின்ன டிஸ்க் என்றால் /ஈடிசி/சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃப் கோப்பில் சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=500எம் என்று கட்டுப்படுத்திவிடுங்கள். இதில் சிஸ்டம், மேக்ஸ், யூஸ் மூன்றின் முதல் எழுத்தும் கடைசி எம்மும் பெரிய எழுத்து.

பழைய எடையைத் தேடுவது

கம்ப்ரஸ் ஆன கோப்பைப் பிரிக்கவே வேண்டாம். "இசட்கிரெப்" போட்டு, லாரி எண்ணையோ நேரத்தையோ கொடுத்து, கடைசியில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பெயரில் இருப்பது சுழற்றிய தேதி. பிப்ரவரி 3 பகலில் போட்ட எடை, நள்ளிரவு தாண்டிச் சுழன்றதால் 20260204.ஜிஇசட் என்று முடியும் கோப்பில் இருக்கும். இது குழப்பமாக இருந்தால் டேட்எக்ஸ்ட் வரிக்குக் கீழே டேட்யெஸ்டர்டே என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பெயரில் முந்தைய நாள் தேதி வந்துவிடும்.