அசிட்டோன் காய்ந்துவிட்டால் போய்விட்டது என்று அர்த்தமில்லை

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வீட்டில் யாராவது ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களாக இருந்தால், அலமாரியில் எங்காவது ஒரு சின்ன பாட்டில் அசிட்டோன் இருக்கும். நெயில் பாலிஷ் அழிக்க, ஸ்டிக்கர் பசையை எடுக்க, விரலில் ஒட்டிக்கொண்ட ஃபெவிக்விக்கைப் பிரிக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். துடைத்த நிமிஷத்தில் காய்ந்துவிடுகிறது, அதனால் தண்ணீர் மாதிரி புழங்குகிறோம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் முதலில் கெடுத்தது ஒரு கறுப்பு ஷூ. அப்பரில், அதாவது ஷூவின் மேல்பாகத் தோலில், வழிந்த பசையை அசிட்டோன் நனைத்த துணியால் ஒரே இழுப்பு இழுத்தேன், பசையோடு பளபளப்பும் துணிக்கு வந்துவிட்டது! தோலின் மேல் பூச்சில் இருக்கும் லாக்கரை (பளபளப்புக்காகப் பூசும் வார்னிஷ் மாதிரியான பூச்சு) அசிட்டோன் கரைக்கும், உள்ளே ஏற்றிய எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சிக்கொண்டு போகும், பிறகு அந்த இடம் வெளிறி விறைத்துவிடும். ரப்பர் பசை என்றால் காயவிட்டு க்ரேப் ரப்பர் கட்டியால் தேய்த்தாலே உருண்டு வந்துவிடும். இதே கதைதான் மூக்குக்கண்ணாடி, போன் கவர், டிவி ரிமோட்டுக்கும்; பல பிளாஸ்டிக்குகள் அசிட்டோன் பட்டால் இளகும், மங்கும், விரிசல் விடும். தெர்மாகோலில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், குழி விழுந்து பிசினாகிவிடும்.

சரி, பொருள் போனால் போகட்டும். தீதான் பெரிய விஷயம். அசிட்டோன் கொதிப்பதே 56 டிகிரியில்தான். மைனஸ் 20 டிகிரி குளிரில்கூடத் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும், அப்படியிருக்க 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூர் கத்திரி வெயிலில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்த ஆவி காற்றைப் போல இரண்டு மடங்கு கனம், மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருப்பீர்கள், அது அந்தப் பக்கம் தரையில் ஏற்றி வைத்த சாமி விளக்கைத் தேடிப் போயிருக்கும். 'அசிட்டோன் இல்லாத ரிமூவர்' வாங்கினேன், பயமில்லை என்பார்கள் சிலர். அதில் பெரும்பாலும் எத்தில் அசிடேட் இருக்கும், அதுவும் எரியும்.

அப்புறம் கையுறை. நீல நிற நைட்ரைல் கையுறை போட்டால் போதும் என்ற நம்பிக்கை நிறைய பேருக்கு உண்டு. அசிட்டோன் அதைச் சில நிமிஷங்களில் ஊடுருவிவிடும். நெடுநேரம் புழங்குகிறவர்களுக்கு பியூட்டைல் ரப்பர்தான் சரி. வெறுங்கையில் புழங்கினால் தோலின் எண்ணெயெல்லாம் போய் விரல் வெளுத்து வெடிக்கும் (ஷூ தோலுக்கு நடந்ததேதான்!). விரலில் ஒட்டிய ஃபெவிக்விக்குக்குக்கூட முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரைப் பாருங்கள், கண் பக்கம் ஒட்டியிருந்தால் அசிட்டோனைத் தொடவே தொடாமல் டாக்டரிடம் போங்கள்.

மிச்சத்தை பாத்ரூமில் ஊற்றி மேலே பிளீச்சிங் பவுடர் தூவுவது இன்னொரு வேலை. பிளஸ் டூ வேதியியல் ஞாபகம் இருக்கிறதா? அசிட்டோனும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரோஃபார்ம், சூடும் கிளம்பும். கதவு சாத்திய பாத்ரூமில் அது தேவையா? எதனோடும் கலக்காதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்.

தண்ணீர் பாட்டிலில் மாற்றி வைக்கிற பழக்கத்தைச் சொல்லவே வேண்டாம், தாகத்தில் வருகிற பிள்ளைக்கு இரண்டும் ஒரே நிறம். வாங்கின டப்பாவிலேயே மூடி இறுக்கி வையுங்கள், வெயிலில் நிற்கிற பைக் பெட்டிக்குள் வேண்டாம். துடைத்த துணியையும் அடுப்பங்கரைக் குப்பைக்கூடையில் போடாமல், அடுப்பு, பீடி எதுவும் இல்லாத வெளிப்பக்கமாக நன்றாகக் காயவிட்ட பிறகு போடுங்கள்.