பழைய செங்கல் சிம்னிக்குச் சுண்ணாம்புச் சாந்தால் பொயின்டிங் செய்வது எப்படி?

நுவரெலியாவின் சிவப்புச் செங்கல் தபாலகம் 1894இல் கட்டப்பட்டது. மலையகத்தின் பழைய நகர வீடுகளிலும் தோட்டத்துப் பங்களாக்களிலும், உச்சியில் வரிவரியாகப் புடைத்து நிற்கும் செங்கல் சிம்னிகளை இன்னும் பார்க்கலாம். வயதைவிட அவற்றை அதிகம் கெடுப்பது, பழுதுபார்க்கப் பூசிய சீமெந்துதான்.

பொயின்டிங் என்பது, செங்கற்களுக்கு இடையிலுள்ள இடுக்கில் பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதுச் சாந்தை நிரப்புவது. செங்கல் குடித்த மழைநீர் இடுக்கிலுள்ள சுண்ணாம்பு வழியே காய்ந்து வெளியேற வேண்டும். இடுக்கைச் சீமெந்தால் அடைத்தால் நீருக்குக் கல்லின் முகம்தான் வழி. உப்பும் அங்கேயே சேர்ந்து, முகம் தகடு தகடாக உதிரும். இடுக்குச் சாந்து கல்லைவிடப் பலம் குறைந்ததாக இருப்பதே சரி.

ஏறுவதற்கு முன்

கீழே நின்று குளவிக்கூடு, தேன்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அகற்றும்வரை ஏறவே கூடாது. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சிம்னி சாய்ந்திருந்தால் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். ஏணி போதாது, நான்கு பக்கமும் சாரம் வேண்டும். தொல்பொருள் திணைக்களம் பாதுகாக்கும் கட்டிடமானால் அனுமதி முதலில்.

நுவரெலியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆனால் உறைபனி விழும் இரவுகளில் புதுச் சாந்தை மூடிவைக்க வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செய்யலாம். அங்கே கச்சான் காற்று சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

படி 1: செங்கல் அடுக்கிய கட்டு முறையைப் பாருங்கள்

ஒரு வரி முழுக்கக் கல்லின் நீளப்பக்கம், அடுத்த வரி முழுக்கத் தலைப்பக்கம் (கல்லின் குட்டையான முனை) என்றால் அது ஆங்கிலக் கட்டு. ஒரே வரியில் இரண்டும் மாறிமாறி வந்தால் பிளெமிஷ் கட்டு. உடைந்த கல்லை மாற்றும்போது இந்த ஒழுங்கு கலையக் கூடாது. நான்கு முகத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

படி 2: பழைய சாந்தைச் சுரண்டுங்கள்

ஆணியால் கீறிப் பாருங்கள். தூளாக வந்தால் சுண்ணாம்பு, வழுக்கினால் சீமெந்து. இடுக்கைவிட ஒடுங்கிய உளியும் சிறு சுத்தியலும் போதும். கிரைண்டரைத் தொடாதீர்கள்: நிலைக்குத்து இடுக்குகளில் அது மேல்கீழ்க் கற்களின் விளிம்பை அறுத்துவிடும், அந்தக் காயம் பிறகு மறையாது. ஆழம் 25 மில்லிமீற்றர். மேலிருந்து கீழாக வாருங்கள், தூசைத் துலக்கி நீரால் கழுவுங்கள்.

புடைப்பு வரிகளின் மேல்முகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பாசி, புல், சில இடங்களில் ஆலங்கன்று. பெரிய வேரை இழுக்காதீர்கள், இரண்டு கல்லும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டி, காய்ந்த பிறகு எடுங்கள்.

படி 3: சாந்து கலக்குங்கள்

நீற்றிய சுண்ணாம்புத் தூளைக் குறைந்தது 24 மணி நேரம் நீரில் ஊறவைத்துக் களியாக்குங்கள். தேயிலைக்குப் போடும் டொலமைட் தூள் இதற்கு ஆகாது. அது சுடாத கல்லின் தூள், இறுகாது. களி 1 பங்கு, கழுவிச் சலித்த ஆற்று மணல் 3 பங்கு, சலித்த செங்கல் தூள் அரைப் பங்கு. நம் ஈரக் காலநிலையில் வெறும் சுண்ணாம்பு இறுக நாளாகும், செங்கல் தூள் அதற்குக் கைகொடுக்கும். 10 மில்லிமீற்றர் இடுக்கானால் ஒரு சதுர மீற்றருக்குச் சிந்தலோடு 6 லீற்றர் சாந்து போதும். மெல்லத் திரளும் பதம் வேண்டும். கரண்டியிலிருந்து வழிந்தால் நீர் அதிகம், காய்ந்ததும் வெடிக்கும். சுண்ணாம்பு கண்ணைச் சுட்டுவிடும். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள், சுத்தமான நீரைப் பக்கத்தில் வையுங்கள்.

படி 4: நிரப்புங்கள்

முதல்நாள் மாலையும் வேலைக்குச் சற்று முன்னும் சுவரை நனையுங்கள். உலர்ந்த கல் சாந்தின் நீரைக் குடித்துவிடும், சாந்து மாவாக உதிரும். நீர் மினுங்கும் அளவுக்கும் வேண்டாம். மெல்லிய கரண்டியால் பின்னோக்கி அழுத்தி, இரண்டு அடுக்காக நிரப்புங்கள். விளிம்புக்குச் சற்று உள்ளே நிறுத்துங்கள்; கல்லின் முகத்தில் பூசியது வெயிலுக்கும் மழைக்கும் உரிந்துவிடும். பெருவிரலை வைத்தால் இலேசான தடம் மட்டும் விழும் நேரத்தில் விறைப்பான பிரஷால் தட்டுங்கள். மேற்பரப்பு திறந்து, ஈரம் வெளியேற வழி கிடைக்கும்.

புடைப்பு வரிகளின் மேல்முகத்திலும் சிம்னிக் குழாயின் அடியிலும் சாந்தை வெளிப்பக்கம் சரிவாகப் போடுங்கள்.

படி 5: மூடிவையுங்கள்

ஈரச் சாக்கைச் சுவரில் ஒட்டாமல் தொங்கவிட்டு ஏழு நாள் நனைத்து வாருங்கள். மழை நேரே விழுந்தால் வெள்ளைக் கோடாக வழியும், மேலே தார்ப்பாயும் கட்டுங்கள்.

கணப்பு எரிக்காத வீடானால் சிம்னி வாயைக் கொங்கிரீட்டால் அடைக்காதீர்கள், உள்ளே ஈரம் தங்கும். இரண்டு அங்குல இடைவெளி விட்டு மேலே ஓடு வைத்து, பறவை நுழையாமல் வலை கட்டுங்கள். கீழே கணப்பு வாயிலும் ஒரு காற்றுத் துளை விடுங்கள்.