மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்: விசுவாசத்தையும் அறிவியலையும் பற்றி வகுப்பெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகுகள் கரையோரம் வரிசையாக நின்றுவிடும். அந்த 61 நாளுக்குள்தான் பள்ளி விடுமுறையும் வருகிறது. பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என்று கோயில் உள்ள ஊரிலெல்லாம் கோடை மறைக்கல்வி நடக்கும்; சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். கல்லூரி முடித்த பிள்ளைகள் முதல்முறையாக வகுப்பெடுக்க வருவார்கள். ஆர்வத்தில் அவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் 'விசுவாசம் என்றால் என்ன, அறிவியலோடு அதற்கு என்ன உறவு' என்ற பாடம் வந்ததும், மூத்த ஆசிரியர்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே பள்ளங்களில் இவர்களும் விழுகிறார்கள். அதிகாரம், வசன எண் மாறிப்போவதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் இங்கே சொல்கிறோம்.

ஒரே சொல்லை இரண்டு பொருளில் புழங்குவது

ஒரே தெருவில் ரோமன் கத்தோலிக்க வீடும் சி.எஸ்.ஐ. வீடும் இருக்கும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இந்தச் சிக்கல் வெளியே வரும். 1 கொரிந்தியர் 13:13-ஐ எடுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. ஆக, 'நம்பிக்கை' என்று நீங்கள் சொன்னால் ஒரு பிள்ளைக்கு முதல் புண்ணியம் காதில் விழுகிறது, அடுத்த பிள்ளைக்கு இரண்டாவது. பாடத்தைத் தொடங்கும்போதே இரண்டு வரியையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடுங்கள்.

அடுத்தது, 'ஆதாரம் இல்லாமல் ஒன்றை உண்மை என்று ஏற்பதே விசுவாசம்' என்று விளக்குவது. பைபிள் அந்தச் சொல்லை அப்படிப் புழங்கவில்லை. எபிரெயத்தில் அது 'எமுனா'. 'ஆமென்' பிறந்த அதே வேர். அசையாமல் நிற்பது என்று பொருள். யாத்திராகமம் 17:12-ல் மோசேயின் கைகளை ஆரோனும் ஊர் என்பவரும் இருபுறமும் தாங்க, பொழுது சாயும்வரை அவை உறுதியாக நின்றன என்று வருகிறதே, அந்த உறுதிக்கும் எபிரெயச் சொல் எமுனாதான். கடவுள் ஒருவர் உண்டு என்று ஒத்துக்கொள்வது மட்டும் விசுவாசமானால், பிசாசுகளும் அதைச் செய்து நடுங்குகின்றன என்கிறார் யாக்கோபு (2:19).

பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க இந்தக் கடலிலேயே உவமை இருக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் குளியாளி கல்லோடு இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் தூக்கிவிடுவார் என்று குளியாளி அவரை நம்பி இறங்குகிறார். அவரைத் தெரியும், பலமுறை தூக்கியவர் அவர். அதற்காக நுரையீரலில் மூச்சு கூடிவிடாது. மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு தெரிந்துவிட்டதால் கயிறு பிடிப்பவர் வேண்டாதவராகவும் ஆகிவிடமாட்டார். மூச்சின் கணக்கு அறிவியல். கயிறு பிடிப்பவரோடு உள்ள உறவு விசுவாசம். அந்தப் பழைய படத்தைப் பலகையில் வரைந்து காட்டுங்கள். நீண்ட விளக்கம் தேவைப்படாது.

மாத்திரையை நிறுத்துவதை விசுவாசத்தின் அளவுகோலாக்குவது

இதைத்தான் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற தவறுகளில் பாடம் கெடும். இதில் ஆள் போய்விடுவார். இத்தனை வருடம் சொல்லியும் இன்னும் நடக்கிறது என்பதை நினைத்தால் கோபம் அடங்குவதில்லை.

பெரும்பாலும் நடப்பது இது. ஒருவருக்கு டிபி என்று தெரிகிறது. சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து, நாள் தவறாமல். இரண்டு மூன்று வாரத்தில் இருமல் குறைந்து பசியெடுக்கும். முகத்தில் களை வரும். அந்த நேரம் பார்த்து யாரோ செபக்கூட்டத்துக்கு அழைத்துப்போகிறார்கள். 'சுகம் கிடைத்துவிட்டது, சாட்சி சொல்லுங்கள்' என்று மைக்கைக் கொடுக்கிறார்கள். நாலு பேர் முன்னால் சுகமாகிவிட்டேன் என்று சொன்னவர் மறுநாள் மாத்திரை போட்டால் சொன்னது பொய்யாகிவிடுமே என்று பயந்து நிறுத்திவிடுகிறார். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களில் செத்திருக்கும்; மெதுவாகப் பெருகுகிறவை உள்ளேயே உயிரோடு இருக்கும். சில மாதத்தில் நோய் திரும்பும். இந்த முறை பழைய மருந்துக்குக் கட்டுப்படாத வகையாகவும் மாறியிருக்கலாம். அதற்குள் வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைக்கும் தொற்றியிருக்கும்.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும். அது தொழிலுக்குப் போகிறவருக்கு நடுக்கடலில் வந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிறு வயதிலேயே சர்க்கரை வந்து இன்சுலின் போடுகிற பிள்ளைக்கு அதை நிறுத்தினால் வாந்தி, ஆழமான வேக மூச்சு, மயக்கம் எல்லாம் சில நாளிலேயே வந்துவிடும். அதைப் பார்த்து 'ஆவி போராடுகிறது' என்று மேலும் செபிக்க உட்கார்ந்துவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த நேரமும் கைநழுவிவிடும்.

இதற்கு வேதத்தில் ஆதாரம் தேடுகிறவர்கள் நாலு இடங்களை வாசிக்க வேண்டும். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுள் கூட்டித் தருவதாகக் கடவுளே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைக்கச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:7). கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்தை மண்ணிலிருந்து தந்தவர் ஆண்டவரே என்கிறது. பவுலின் கூட்டாளி லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14). ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனம் காட்டிச் சொன்னது சாத்தான். கடவுளைப் பரீட்சை பாராதே என்று மறுத்தவர் இயேசு (மத்தேயு 4:5-7). மாத்திரையை எறிந்துவிட்டு 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்பது அந்த உச்சியிலிருந்து குதிப்பதுதான்.

கடலோரப் பிள்ளைகளுக்கு இவை எல்லாவற்றையும்விட அப்போஸ்தலர் 27 நன்றாகப் பதியும். பவுல் ஏறியிருந்த கப்பல் பதினாலு இரவு புயலில் அலைகிறது. கப்பலில் 276 பேர். 'ஓர் உயிரும் சேதமாகாது' என்று தூதன் வாக்குச் சொல்லிவிட்டான், பவுலும் அதை எல்லோருக்கும் அறிவித்துவிட்டார். அதன்பிறகு நடப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். கப்பலாட்கள் விழுது விட்டு ஆழம் பார்க்கிறார்கள்: 20 பாகம். கொஞ்சம் தள்ளி மறுபடி விடுகிறார்கள்: 15 பாகம். தரை நெருங்குகிறது, பாறையில் மோதிவிடும் என்று பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போடுகிறார்கள். கப்பலாட்கள் சிலர் படகை இறக்கித் தப்பப் பார்க்கையில், 'இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள்' என்று பவுலே தடுக்கிறார். எல்லோரையும் சாப்பிட வைக்கிறார். பிறகு கோதுமையைக் கடலில் கொட்டிப் பாரத்தைக் குறைக்கிறார்கள். வாக்கு கிடைத்த பிறகும் ஆழம் பார்த்தார்கள், நங்கூரம் போட்டார்கள், தொழில் தெரிந்தவர்களைப் போகவிடவில்லை. அந்த வாக்கு நிறைவேறிய வழியே இதுதான். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய 6 அடி. அதைப் பிள்ளைகளைக் கையை விரிக்கச் சொல்லியே அளந்து காட்டலாம்.

செபிக்கக் கேட்டு யாராவது வந்தால் மூன்று விஷயங்களைக் கேட்டுச் செபச்சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன மருந்து, இன்னும் எத்தனை நாள் பாக்கி, அடுத்து எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறார். செபத்திலேயே 'மருந்தை நாள் தவறாமல் சாப்பிடும் பொறுமையைத் தாரும்' என்று சத்தமாகச் சேர்த்துச் சொல்லுங்கள். கூட இருக்கிற வீட்டார் காதிலும் விழும். ஒருவர் சுகமாகிவிட்டேன் என்றால் சந்தோஷப்படுங்கள். சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். டாக்டர் மருந்தை நிறுத்திய பிறகு சாட்சி சொல்லட்டும். இது விசுவாசக் குறைவு ஆகாது. குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிய இயேசு, 'போய் ஆசாரியனுக்கு உன்னைக் காட்டு' என்று அனுப்பினார் (மாற்கு 1:44). அந்தக் காலத்தில் குஷ்டம் நீங்கியதா என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுக்கு இருந்தது.

திருச்சபையின் வழக்கமும் அதுவே. பிரான்சில் லூர்து நகரில் 1858-க்குப் பிறகு சுகம் பெற்றதாக 7,000-க்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திருச்சபை புதுமை என்று ஏற்றது 70-ஐ ஒட்டித்தான். நோய் கடுமையானதாக இருந்ததா, சோதனைச் சான்று உண்டா, சுகம் உடனே வந்ததா, முழுமையானதா, நிலைத்ததா, எடுத்த சிகிச்சையால் விளக்க முடியாததா என்று மருத்துவர்கள் வருடக்கணக்கில் பார்க்கிறார்கள். ஒரு செபக்கூட்டத்தில் ஒரே இரவில் ஐம்பது புதுமை அறிவிக்கிறவர்களிடம் இந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

தர்கா இருக்கிற ஏர்வாடியையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். பிற்பாடு தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்கும்படி 'தவா-துவா' திட்டம் வந்தது. தவா மருந்து, துவா பிரார்த்தனை. நம் அண்டை வீட்டார் கற்றுக்கொண்டதை நாமும் கற்கலாம்.

அறிவியலுக்குத் தெரியாத இடத்தில் கடவுளை உட்காரவைப்பது

2019-ல் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. இப்படி ஒன்று நடந்ததும் 'கடைசிக்கால அடையாளம்' என்று வகுப்பில் சொல்ல நாக்கு துறுதுறுக்கும். அது நொக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருத்ததால் வந்தது. அது மண்டிய நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மூச்சுத் திணறும். மண்டபம் ஊரிலேயே கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே நுண்ணோக்கியில் பார்க்கலாம். பார்த்துவிட்டு வரும் பிள்ளை, விடை தெரிந்ததும் கடவுள் அங்கிருந்து கிளம்பிவிட்டார் என்று நினைக்கும். அப்படி நினைக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்.

நியூட்டனே இதில் விழுந்தார். கோள்களின் பாதையைக் கடவுள் அவ்வப்போது சீர்செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டு அதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் அவசரம் கூடாது. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்டவர் பெல்ஜியத்துக் குருவானவர் ஜார்ஜ் லெமெத்ர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-லும், ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்று 1931-லும் எழுதினார். 1951-ல் பாப்பரசர் 12-ஆம் பயஸ் இந்தக் கொள்கை படைப்பை உறுதிப்படுத்துவது போலப் பேசியபோது லெமெத்ருக்கு அதில் உடன்பாடில்லை. தன் சமன்பாடுகளைத் தேவசாஸ்திரத்துக்கு முட்டுக்கொடுக்க அவர் விடவில்லை.

நாசா யோசுவாவின் நாளைக் கண்டுபிடித்ததா?

யோசுவாவுக்காகச் சூரியன் நின்ற நாளை (யோசுவா 10) நாசா கண்டுபிடித்துவிட்டதாக ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மை இல்லை. பகிராதீர்கள்.

தோமாவைத் திட்டுவது

உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார் சீடர் தோமா, இயேசு காட்டினார். திட்டாதீர்கள்.

கலிலேயோவை அரைகுறையாகச் சொல்வது

அவரை எரித்தார்கள் என்று சொல்லாதீர்கள். 1600-ல் எரிக்கப்பட்டவர் ஜோர்தானோ புருனோ. கலிலேயோவுக்கு 1633-ல் தீர்ப்பு. 1642-ல் இறக்கும்வரை வீட்டுக்காவல். திருச்சபை செய்தது தவறு, அதை மழுப்பவும் வேண்டாம். 1992-ல் பாப்பரசர் 2-ஆம் ஜான் பால் வெளிப்படையாக ஒத்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தினால் 'சாமியார்கள் எல்லாம் அறிவியலுக்கு எதிரிகள்' என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். பட்டாணிச் செடியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால், சந்தையிலிருந்து ஒரு கத்தாளை மீனை வாங்கி மேசைமேல் வையுங்கள். கத்தாளைகளில் ஒரு பேரினத்துக்கு அறிவியல் பெயர் 'ஜோனியஸ்'. தரங்கம்பாடியில் மிஷனரியாக இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் இந்தக் கடற்கரையின் மீன்களைச் சேகரித்து பெர்லினிலிருந்த யூத மருத்துவர் பிளோக்குக்கு அனுப்பினார். 1793-ல் பிளோக் அவர் பெயரையே அந்த மீனுக்கு வைத்தார். அதில் ஓர் இனம் 'ஜோனியஸ் கருட்டா'. 'கறுத்த' என்ற நம் சொல்தான் அது.

புயலைத் தண்டனை என்பது

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் கோயிலைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப்போனால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: 'யார் செய்த பாவம்?' 1964 டிசம்பர் 22 இரவு அங்கே செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் இந்தத் தீவில் இருக்கிறார்கள், உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். பதில் சொல்லுமுன் அதை நினையுங்கள்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைச் சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்றார் (லூக்கா 13:4-5). முதலில் அதை வாசியுங்கள். பிறகு புயல் எப்படி வருகிறது என்று சொல்லுங்கள்: கடல்பரப்பு 26 டிகிரிக்கு மேல் சூடாகி ஈரக்காற்று மேலெழும்ப, சுற்றியுள்ள காற்று சுழன்று உள்ளே பாயும். அந்தக் காற்று தண்ணீரைக் கரைப்பக்கம் நெட்டித்தள்ளும்; பாக் விரிகுடா போல ஆழமில்லாத கடலில் அது இறங்க வழியின்றி மேலே ஏறும். தனுஷ்கோடியை மூடியது அந்தத் தண்ணீர். பிறகு, பாம்பனில் ஏற்றுகிற 1-ஆம் எண் கூண்டுக்கும் 3-ஆம் எண் கூண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். தூரக் கடலில் காற்று கிளம்பியிருக்கிறது என்பது 1. துறைமுகத்துக்கே பலத்த காற்று வரப்போகிறது என்பது 3. பாதிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், வீட்டில் அப்பா சொல்லியிருப்பார். தெரியாத பிள்ளைகளுக்கு அவர்களே சொல்லிக்கொடுக்கட்டும். செத்தவர்களுக்கான செபத்தை அந்த இடிந்த சுவருக்குள் நின்றே சொல்லிவிட்டு, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்.