ஜான் மியூர் வழியில் நடக்கப் போகிறீர்களா?

இயற்கைப் பாதுகாவலர் ஜான் மியூர் என்றதும் கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அவர் பிறந்தது 1838-இல், ஸ்காட்லாந்தின் டன்பார் ஊரில். 1849-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர், அங்கே 1892-இல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கி, காடுகளைக் காக்கப் போராடியவர். அவர் மறைந்து நூறாண்டு ஆன 2014-இல் திறந்ததுதான் ஜான் மியூர் வே. மேற்கே ஹெலன்ஸ்பரோவில் தொடங்கி கிழக்கே டன்பார் வரை 215 கிலோமீட்டர், ஸ்காட்லாந்தைக் குறுக்கே கடந்து போகும் பாதை.

மேற்கிலிருந்து கிழக்காக நடங்கள். காற்று பெரும்பாலும் முதுகுப்பக்கமிருந்து வீசும், மழையும் முகத்தில் அதிகம் அடிக்காது.

முழுவதையும் ஒரே மூச்சில் நடந்தாக வேண்டும் என்பதில்லை. இந்தப் பாதையின் பெரிய வசதியே ரயில்தான், இரு முனையிலும் நிலையம் உண்டு, நடுவிலும் பல ஊர்களில் உண்டு, அதனால் ஒரு துண்டை நடந்துவிட்டு மாலையில் ரயிலேறித் திரும்பிவிடலாம். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதா? ரோமானியர்கள் கி.பி. 142 வாக்கில் கட்டத் தொடங்கிய அன்டோனைன் சுவரை ஒட்டி, கிராய் நிலையத்திலிருந்து ஃபால்கிர்க் பக்கம் நடங்கள். குன்றேறிப் பார்த்தால் சுவரின் பள்ளம் இன்னும் தெரியும், போகப்போக படகுகளையே 24 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி இறக்கும் ஃபால்கிர்க் சக்கரமும் வரும். கடல்தான் வேண்டுமென்றால் கடைசித் துண்டு, நார்த் பெர்விக்கிலிருந்து டன்பார் வரை. அது நீளமாகப் பட்டால் இடையிலுள்ள ஈஸ்ட் லிண்டனில் இறங்கித் தொடங்குங்கள், 2023 முதல் அங்கேயும் ரயில் நிற்கிறது.

நடக்க அனுமதிச்சீட்டோ கட்டணமோ கிடையாது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்போடு நடக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. பொறுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள், திறந்தபடியே இருந்ததை அப்படியே விடுங்கள், ஆட்டுக்குட்டிகள் இருக்கும் வயலுக்குள் நாயைக் கூட்டிப் போகாதீர்கள்.

கூடாரம் போடுபவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். லோக் லோமண்ட் ஏரிக்கரையின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அப்புறம், கோடையில் அந்தப் பக்கம் மிட்ஜ் என்கிற பொடிக்கொசுத் தொல்லை உண்டு, வலைத்தொப்பியை மறக்காதீர்கள்.