பிள்ளைக்கு வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

என் மகனுக்கு முதல் ஜன்னி வந்தபோது வயது ஒன்றரை. சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீட்டில், இரவு பதினொரு மணி இருக்கும். காய்ச்சல் 39.4. திடீரென்று கண் மேலே செருகி, உடம்பு விறைத்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அத்தை ஓடிப்போய் சாவிக்கொத்தை எடுத்துவந்து அவன் கையில் திணித்தார். நான் பற்களுக்கிடையே வைக்கக் கரண்டி தேடினேன். இரண்டுமே தப்பு. வலிப்பு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் இருந்ததால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். வாயில் எதையாவது திணித்தால் பல் உடையும், மூச்சும் அடைக்கலாம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வாயோரமாக வழிந்துவிடட்டும். மேசை நாற்காலியைத் தள்ளிவிடுங்கள், கழுத்தருகே இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள். கை காலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். தண்ணீரோ மருந்தோ வாயில் ஊற்றவே கூடாது. அப்புறம் கடிகாரம். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். இதுதான் முதல் வலிப்பு, மூச்சு சரியில்லை, நின்று உடனே மறுபடி வருகிறது, தலையில் அடிபட்டிருக்கிறது என்றால் 5 நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். அன்று எனக்குப் பத்து நிமிடம் ஆனது போல இருந்தது. பிறகு கைப்பேசியில் அழைப்பு விவரத்தைப் பார்த்தால், முழுசாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை!

காய்ச்சல் நடுக்கத்தையும் வலிப்பையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். குளிரில் நடுங்கும் பிள்ளை உங்களைப் பார்க்கும், பதில் சொல்லும். வலிப்பில் பிள்ளைக்கு நினைவிருக்காது. கையைப் பிடித்தாலும் வெட்டுவது நிற்காது. 6 மாதம் முதல் 5 வயதுவரை வரும் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் மூளையைக் கெடுப்பதில்லை. மூன்றில் ஒரு பிள்ளைக்கு மறுபடி வரலாம். பாராசிட்டமால் பிள்ளைக்கு இதமாக இருக்கும், ஆனால் ஜன்னியைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வலிப்பு நின்ற பிறகும் கழுத்து விறைத்திருந்தால், எழுப்பினாலும் தெளியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்களை ஏமாற்றியது இன்னொரு வகை: உடம்பு வெட்டாமல், சில நொடி நினைவு மட்டும் தவறும் வலிப்பு. தொடக்கநிலை ஒன்றில் அவன் படித்தபோது ஆசிரியர், "இவன் வகுப்பில் கனவு காண்கிறான்" என்றார். நாங்களும் அவனைத்தான் திட்டினோம். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் சோற்றை எடுத்த கை பாதியில் நின்றுவிட்டது. கூப்பிட்டேன், தோளைத் தொட்டேன். இமை மட்டும் துடித்தது. பத்து நொடி இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல அந்தக் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டான். கனவு காணும் பிள்ளை தொட்டால் திரும்பும். இவன் திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்தேன். மூன்றாம் நாள் காணொளி கிடைத்தது. முகமும் கையும் சேர்ந்து தெரிய எடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடும் உங்கள் குரலும் பதிவாகட்டும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டால், கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ சிறுவர் நரம்பியல் மருத்துவரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து கைகளை விரித்து, திரும்பத் திரும்ப வரிசையாக வெட்டினால் முன்பதிவுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

டாக்டர் பரிசோதித்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். எந்தக் கை முதலில் இழுத்தது? கண் எந்தப் பக்கம் போனது? முந்தின நாள் இரவு எவ்வளவு தூங்கினான்? முடிந்த பிறகு தூங்கினானா, உடனே பேசினானா? குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா? இந்தக் கேள்விக்கு அத்தை வாய் திறக்கவில்லை. வெளியே வந்த பிறகுதான், தன் தம்பிக்குச் சின்ன வயதில் வந்ததைச் சொன்னார். தயவுசெய்து இதை மட்டும் மறைக்காதீர்கள். பிறகு டாக்டர் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னார்; வேகமாக மூச்சு விட்டால் இந்த வகை வலிப்பு தூண்டப்படும். இரண்டு நிமிடத்துக்குள் மகன் அப்படியே உறைந்து நின்றான், அவர் கண்முன்னாலேயே.

மூளை அலைப் பரிசோதனைக்குத் தலையில் கம்பிகளை ஒட்டுவார்கள், வலிக்காது. முதல் நாள் தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப்போங்கள். வீட்டில் பாட்டியிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் காலையிலேயே தேங்காய் எண்ணெய் பூசியாகிவிட்டது, மறுபடி குளிப்பாட்டிக் கிளம்ப வேண்டியதாயிற்று.