டேப்பிங் இயந்திரத்தில் டேப் விலகும்போது: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

மின்னணு உறுப்புகளைக் கேரியர் டேப்பின் குழிகளில் இட்டு, கவர் டேப்பால் மூடி, ரீலில் சுற்றும் இயந்திரத்தில் டேப் விலகுகிறது என்ற புகார் வந்தால், அது எவ்வகை விலகல் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். டேப் ஓடும் திசையில் குழி நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னதாகவோ பின்னதாகவோ நிற்பது ஒரு வகை. டேப் பக்கவாட்டில் நகர்ந்து ஓடுவது இன்னொரு வகை. கேரியர் டேப் சரியாக ஓடினாலும் அதன்மேல் கவர் டேப் கோணலாகப் படிவது மூன்றாவது வகை. உறுப்பு குழியின் விளிம்பில் மோதுவது, கேமரா நிராகரிப்பது, சீல் ஒரு பக்கம் மெலிவது ஆகிய அறிகுறிகள் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும்; காரணங்களோ இயந்திரத்தின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும். அதனால்தான், புகார் வந்தவுடன் திரையில் ஆஃப்செட் எண்ணை (நிலையைச் சற்றுத் தள்ளி ஈடுகட்டும் எண்) மாற்றும் பழக்கம் பெரும்பாலும் கோளாறை மறைக்கிறதே தவிரத் தீர்ப்பதில்லை. இயந்திரம் செய்த தவறு அதிலிருந்து வெளிவந்த டேப்பிலேயே பதிந்திருக்கும். எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.

மாதிரி எடுத்தல்

இயந்திரத்தை நிறுத்தி, சீல் செய்யப்பட்டு வெளிவந்த டேப்பில் ஒரு மீட்டர் அளவும், சப்ளை ரீலிலிருந்து இன்னும் இயந்திரத்துக்குள் நுழையாத டேப்பில் அதே அளவும் வெட்டி எடுக்கவும். இரண்டிலும் டேப் ஓடும் திசையை மார்க்கரால் அம்புக்குறியிட்டுக் காட்டுவது கட்டாயம்; திசை தெரியாத மாதிரி பாதிப் பயனைக்கூடத் தராது. கைடு (டேப்பைப் பக்கவாட்டில் தாங்கி நடத்தும் தடுப்பு), டென்ஷன் (டேப்பின் இழுவிசை), வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றின் அப்போதைய நிலையைக் குறித்துக்கொண்டோ படமெடுத்துக்கொண்டோதான் அடுத்த வேலைக்குச் செல்ல வேண்டும். கவர் டேப்பைச் சூடாக்கி அழுத்தி ஒட்டும் சீலிங் ஹெட் நிறுத்தப்பட்ட பிறகும் நெடுநேரம் சுடும் என்பதால், அதன் அருகே கை வைக்கும் முன் மின்சாரத்தையும் காற்றழுத்தத்தையும் துண்டித்து, ஆறும்வரை காத்திருக்க வேண்டும். உறுப்புகளைத் தொடும் வேலையென்றால் நிலைமின் தடுப்பு மணிக்கட்டுப் பட்டையும் வேண்டும்.

ஒப்பிட வேண்டிய அளவுகள்

இ.ஐ.ஏ.-481, ஐ.இ.சி. 60286-3 ஆகிய தரநிலைகளின்படி ஸ்ப்ராக்கெட் துளையின் (டேப்பை நகர்த்தும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் நுழையும் ஓரத் துளை) விட்டம் 1.5 மி.மீ.; அது 0.1 மி.மீ. வரை கூடலாம், குறையக் கூடாது. அடுத்தடுத்த துளைகளின் இடைவெளி 4 மி.மீ.; பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்தால் 40 மி.மீ.யிலிருந்து 0.2 மி.மீ.க்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. டேப்பின் ஓரத்திலிருந்து துளையின் மையம் 1.75 மி.மீ. தொலைவில் இருக்கும். 8 மி.மீ. அகல டேப்பில் துளை மையத்துக்கும் குழி மையத்துக்கும் இடையே குறுக்குவாட்டில் 3.5 மி.மீ., நீளவாட்டில் 2 மி.மீ.; 12 மி.மீ. டேப்பில் குறுக்களவு 5.5 மி.மீ. ஆகும். டேப்பைச் சமதளத்தில் தளர்வாக விரித்தால், 250 மி.மீ. நீளத்தில் ஓரம் 1 மி.மீ.க்கு மேல் வளைந்திருக்கக் கூடாது.

இந்த அளவுகளை முதலில் இயந்திரத்துக்குள் நுழையாத டேப்பில் சரிபார்க்கவும். அங்கேயே குழி இடம் மாறியிருந்தாலோ ஓரம் வளைந்திருந்தாலோ இயந்திரத்தின்மீது பழியில்லை. அந்த டேப் லாட்டை (ஒரே தொகுப்பாக வந்த டேப்பை) ஒதுக்கிவிட்டு வேறு லாட்டை ஓட்டிப் பார்ப்பதுதான் சரி. வெப்பமான இடத்தில் கிடந்த பாலிஸ்டைரீன் டேப்பும், ஈரத்தில் கிடந்த காகித டேப்பும் அளவு மாறியே வந்து சேரும்.

துளைகள் சொல்வது

அடுத்து, வெளிவந்த டேப்பின் ஸ்ப்ராக்கெட் துளைகளை உருப்பெருக்கியில் பார்க்கவும். வட்டமான துளை நீள்வட்டமாகியிருந்தால், அதன் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட்டின் பல் டேப்பை முன்னோக்கித் தள்ளும்போது, ஓடும் திசையில் முன்னால் உள்ள துளை விளிம்பில்தான் அழுத்தம் விழுகிறது. ஆகவே முன்விளிம்பு நீண்டிருந்தால், பின்னாலிருந்து ஏதோ ஒன்று டேப்பைப் பிடித்து இழுக்கிறது என்று பொருள்: சப்ளை ரீலின் பிரேக் இறுகியிருக்கலாம், கைடு டேப்பைக் கவ்வியிருக்கலாம், சீலிங் ஹெட் முழுவதும் மேலெழும் முன்பே டேப் நகரத் தொடங்கியிருக்கலாம். பின்விளிம்பு நீண்டிருந்தால், டேப்பை ஸ்ப்ராக்கெட்டையும் மீறி முன்னால் இழுக்கும் சுற்று ரீலின் டார்க் (முறுக்கு விசை) தான் முதல் சந்தேகம். இரு விளிம்புகளும் சிதைந்திருந்தால், ஒவ்வொரு நகர்வின் முடிவிலும் டேப் முன்னும் பின்னும் அதிர்கிறது. முடுக்கமோ சுற்று ரீலின் இழுப்போ கட்டுப்பாடில்லாமல் இருக்கிறது என்று கொள்ளலாம். துளையின் பக்கவாட்டு விளிம்பு தேய்ந்திருந்தால், கைடும் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இல்லை. பல ஆயிரம் ரூபாய்க் கருவிகள் காட்டுவதை ஒரு சாதாரண லென்ஸ் சில நிமிடங்களில் காட்டிவிடும் சோதனை இது. ஆயினும் பழுதுபார்ப்போர் பலர் இதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்.

விலகல் எப்படித் திரும்ப வருகிறது?

நீளவாட்டு விலகலில், அதன் அளவைவிட அது திரும்ப வரும் ஒழுங்குதான் காரணத்தைத் தெளிவாகக் காட்டும். முப்பது, நாற்பது குழிகளில் உறுப்பு எங்கே விழுந்திருக்கிறது அல்லது குழி எங்கே நின்றிருக்கிறது என்பதை வரிசையாக அளந்து, ஒரு தாளில் புள்ளியிட்டுப் பார்க்கவும்.

எல்லாக் குழியிலும் விலகல் ஒரே அளவாக இருந்தால், தொடக்க நிலை தவறாக அமைந்திருக்கிறது; டேப் அகலம் மாற்றிய பிறகோ சென்சாரைக் கழற்றி மாட்டிய பிறகோ இது வருவது இயல்பு. ஒவ்வொரு குழிக்கும் விலகல் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போனால், ஒரு நகர்வின் நீளம் பிழையாக அமைக்கப்பட்டிருக்கிறது, அல்லது ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) சுமை தாங்காமல் படிகளை இழக்கிறது. பின்னூட்டமில்லாத ஸ்டெப்பர் தான் இழந்த படியை அறியாது. அடுத்த ஹோமிங் (தொடக்க நிலைக்குத் திரும்பிச் சரிபார்த்தல்) வரை அந்தப் பிழை அப்படியே தொடரும்.

விலகல் கூடிக் குறைந்து குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை திரும்ப வந்தால், அந்தத் தூரத்தை அளக்கவும். ஸ்ப்ராக்கெட்டின் பற்களின் எண்ணிக்கையை 4 மி.மீ.யால் பெருக்கினால் அதன் ஒரு சுற்றின் நீளம் கிடைக்கும். 30 பற்கள் என்றால் 120 மி.மீ. விலகலும் 120 மி.மீ.க்கு ஒருமுறை வந்தால், சக்கரம் மையம் தப்பிச் சுழல்கிறது, அல்லது ஒரு பல் வளைந்திருக்கிறது, அல்லது ஒரு பல்லின் அடியில் காகிதத் தூளோ பசையோ அடைந்திருக்கிறது. அதைவிட மிக நீண்ட இடைவெளியில் வந்து, அந்த இடைவெளியும் சப்ளை ரீல் காலியாகக் காலியாகச் சுருங்கினால், குற்றவாளி சப்ளை ரீல்தான்: அதன் விளிம்புத் தட்டு வளைந்திருக்கும் அல்லது ரீல் அச்சில் சரியாக உட்கார்ந்திராது.

எந்த ஒழுங்கும் இல்லாமல் விலகல் வந்தால் தளர்ந்த பாகத்தைத் தேட வேண்டும். மோட்டார் தண்டு, கப்ளிங் (தண்டுகளை இணைக்கும் பாகம்), ஸ்ப்ராக்கெட் ஆகியவை சேரும் இடங்களின் குறுக்கே மார்க்கரால் ஒரு மெல்லிய கோடு இழுத்து, சிறிது நேரம் ஓட்டிவிட்டுப் பார்க்கவும். கோடு உடைந்திருந்தால் அந்த இடத்துத் திருகு தளர்ந்து நழுவுகிறது. கோடு உடையாதபோது பெல்ட்டின் தளர்வு, பேரிங்கின் ஆட்டம், டேப் ஒட்டுகள் என்று அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டுதல்

இதற்குள் சந்தேகம் பெரும்பாலும் ஓரிரு இடங்களுக்குச் சுருங்கியிருக்கும். உறுதிசெய்ய, உறுப்பும் கவர் டேப்பும் இல்லாமல் வெறும் கேரியர் டேப்பை மட்டும் மெதுவான வேகத்தில் ஓட்டவும். அது சரியாக ஓடினால் வேகத்தை உற்பத்தி அளவுக்கு உயர்த்தவும். பிறகு கவர் டேப்பைச் சேர்க்கவும். அடுத்து சீலிங் ஹெட்டின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சேர்க்கவும். உறுப்புகள் கடைசியில் வரட்டும். எந்தக் கட்டத்தில் விலகல் தோன்றுகிறதோ, அந்தக் கட்டத்தில் சேர்த்த பொருளே அதற்குப் பொறுப்பு. மெதுவாக ஓடும்போதும் விலகல் இருந்தால் அமைப்பில் பிழை. வேகம் கூடியபின் மட்டும் வந்தால் டென்ஷன், முடுக்கம், ரீலின் சுழல்வேகம் ஆகியவற்றில் பிழை. ஒரே நேரத்தில் இரண்டு அமைப்புகளை மாற்றிவிட்டால் இந்தச் சோதனை முழுவதும் வீணாகிவிடும்.

சரிசெய்யும் வரிசை

கைடிலிருந்து தொடங்குவதே நல்லது. தரநிலை அளவுகள் ஸ்ப்ராக்கெட் துளை உள்ள ஓரத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், அந்த ஓரத்தைத் தாங்கும் கைடு நிலையானதாகவும், எதிர்ப்பக்கக் கைடு மட்டும் நகர்த்தக்கூடியதாகவும் அல்லது ஸ்பிரிங்கால் மெல்லத் தள்ளுவதாகவும் இருக்க வேண்டும். 8 மி.மீ. டேப்பின் அகலம் 8.3 மி.மீ. வரை வரலாம் என்பதால், கையில் உள்ள ஒரு துண்டுக்கு ஏற்ப கைடை இறுக்கிவிட்டால், அடுத்த லாட் டேப் அதில் சிக்கும். டேப்பைக் கையால் இழுத்தால் தடையின்றி நகர வேண்டும். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் கண்ணுக்குத் தெரியும்படி ஆடக் கூடாது. பிறகு டேப்பை ஸ்ப்ராக்கெட்டின்மீது வைத்து, பல் துளையின் நடுவில் நுழைகிறதா என்று மேலிருந்து பார்த்து, தேவையெனில் ஸ்ப்ராக்கெட்டைத் தண்டில் நகர்த்தி இறுக்கவும். தேய்ந்து கூரான பற்கள் கொண்ட ஸ்ப்ராக்கெட்டை எப்படிச் சீரமைத்தாலும் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

அதன் பிறகு டென்ஷன். சப்ளை ரீல் தன் உந்தத்தில் கூடுதலாகச் சுழலாத அளவுக்கு மட்டும் பிரேக் போதும். சுற்று ரீல், ஸ்ப்ராக்கெட் விடும் டேப்பைச் சுற்ற வேண்டுமேயன்றி ஸ்ப்ராக்கெட்டிடமிருந்து பறிக்கக் கூடாது. காலி ரீலில் சரியாக அமைத்த டார்க், ரீல் நிரம்பும்போது வேறு இழுவிசையைத் தரும். ஆகவே இரு நிலைகளிலும் பார்க்க வேண்டும். கைடும் டென்ஷனும் சரியான பிறகே நகர்வின் நீளத்தையும் தொடக்க நிலையையும் தொட வேண்டும்.

சென்சார் துளையைத் தவறவிட்டாலும் விலகல் வரும். கறுப்பு நிற டேப்புக்கு அமைத்த ஒளி சென்சார், ஒளி ஊடுருவும் டேப்பில் துளைக்கும் துளையல்லாத இடத்துக்கும் வேறுபாடு காணாமல் தடுமாறும். டேப் வகை மாறும்போதெல்லாம் அதன் வரம்பை மீண்டும் அமைக்க வேண்டும். கேமரா ஆஃப்செட் கடைசியாகத் தொட வேண்டியது. இயந்திரப் பிழையைக் கேமராவால் ஈடுசெய்தால், பிழை வளரும் நாளில் எச்சரிக்கை மணி தாமதமாகவே அடிக்கும்.

கவர் டேப்பும் சீலிங் ஹெட்டும்

8 மி.மீ. டேப்பில் துளையின் உள்விளிம்பு ஓரத்திலிருந்து 2.5 மி.மீ.யில் முடிகிறது; எஞ்சுவது 5.5 மி.மீ. வழக்கமாகப் பயன்படும் கவர் டேப்பின் அகலம் 5.3 அல்லது 5.4 மி.மீ. அதாவது கவர் டேப்புக்குக் கிடைக்கும் மொத்த இடமே 0.1 அல்லது 0.2 மி.மீ.தான், அதற்குமேல் நகர்ந்தால் ஒரு பக்கமாக நகர்ந்தால் துளையை மூடும், மறுபக்கமாக நகர்ந்தால் டேப்பின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டுமே ஏற்கத்தக்கவை அல்ல. எனவே கவர் டேப் ரீலைத் தாங்கும் அச்சு கேரியர் டேப்புக்குச் சரியான செங்குத்தில் உள்ளதா, ரீல் அச்சில் பக்கவாட்டில் நகர இடமிருக்கிறதா, சீலிங் ஹெட்டுக்குச் சற்று முன்னால் உள்ள கைடு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைவில் உள்ள உருளையைத் திருத்துவதைவிட, சீலுக்கு மிக அருகில் உள்ள கைடைத் திருத்துவதே பலன் தரும்.

சீல் கோடுகள் இரண்டும் ஒரே அகலத்தில் இல்லையெனில், அழுத்தத்தை உயர்த்தும் முன் சீலிங் ஷூ (ஹெட்டில் டேப்பை அழுத்தும் பகுதி) டேப்புக்கு இணையாக இறங்குகிறதா என்று அழுத்தம் காட்டும் ஃபிலிமையோ கார்பன் தாளையோ வைத்துப் பதிவெடுக்கவும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சூடாகி அழுந்தினால் கேரியர் டேப் அந்தப் பக்கமாகச் சுருங்கி வளையும். சீலுக்கு முன்னும் பின்னும் பத்து இடைவெளிகளை அளந்து, பின்னால் மட்டும் குறைந்திருந்தால் வெப்பநிலையையும் அழுத்தும் நேரத்தையும் குறைக்க வேண்டும். கவர் டேப்பை அதிகமாக இழுத்தபடி ஒட்டினால், அது பிறகு சுருங்கும்போது கேரியர் டேப்பையும் சேர்த்து வளைத்துவிடும். இயந்திரத்தில் நேராகத் தெரிந்த டேப் ரீலிலிருந்து பிரிக்கும்போது வளைந்து வருவதற்கு இது ஒரு காரணம்.

மீண்டும் ஓட்டும் முன்

இயந்திரம் முழுச் சூட்டை அடைந்த பிறகு மீண்டும் மாதிரி எடுத்து எல்லா அளவுகளையும் சரிபார்க்கவும். குளிர்ந்த நிலையில் சரியாக அமைத்த கைடு, சூடானபின் இறுகக்கூடும். கவர் டேப்பை 165 முதல் 180 பாகைக் கோணத்தில், நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் உரித்தால், 8 மி.மீ. டேப்பில் உரிவிசை 0.1 முதல் 1.0 நியூட்டனுக்குள்ளும், 12 முதல் 56 மி.மீ. வரையிலான டேப்பில் 0.1 முதல் 1.3 நியூட்டனுக்குள்ளும் இருக்க வேண்டும். வரம்புக்குள் இருந்தாலும், வரைபடத்தில் விசை ஒரு நகர்வின் நீளத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கினால், ஷூவின் நீளமும் நகர்வின் நீளமும் பொருந்தாமல் சில இடங்கள் மற்றவற்றைவிடக் கூடுதல் முறை அழுத்தப்படுகின்றன என்று கொள்ளலாம்.

கோளாறு தீர்ந்ததும் எஞ்சுவது ஏற்கெனவே சுற்றப்பட்ட ரீல்கள். கடைசியாகச் சரியென்று பதிவான மாதிரிக்குப் பிறகு வந்த ரீல்கள் அனைத்தையும் தனியே ஒதுக்கி, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முடிவிலும் துளை, கவர் டேப்பின் நிலை, உரிவிசை மூன்றையும் பார்க்க வேண்டும். துளை நீண்டுவிட்ட டேப் வாடிக்கையாளரின் ஃபீடரில் (டேப்பை நகர்த்தி உறுப்புகளைத் தரும் கருவி) மீண்டும் விலகும் என்பதால், உள்ளே உறுப்புகள் நன்றாக இருந்தாலும் அந்த ரீலைப் பிரித்துப் புதிய டேப்பில் மாற்றிச் சுற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஈரத்தை உறிஞ்சும் வகை உறுப்புகளானால், அந்த வேலையின்போது அவை உறைக்கு வெளியே இருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.