நெடுந்தொடரை நடுவில் விடாமல் படிக்க

ராபர்ட் ஜோர்டானின் ‘தி வீல் ஆஃப் டைம்’ ஆங்கில மாயாஜால நாவல் தொடர், மொத்தம் 14 பாகம். இதைப் பாதியில் விடுபவர்கள் பலர் கதை பிடிக்காமல் விடுவதில்லை, கதையில் யார் யார் என்பது மறந்துபோய்த்தான் விடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் யார் எந்தப் பக்கம் என்றே தெரியாது.

ஒரு 40 பக்க நோட்டு போதும். அத்தியாயம் முடிந்ததும் மூன்றே விவரம்: யார் பார்வையில், எந்த ஊரில், என்ன மாறியது. புதுப் பெயர் இரண்டாம் முறை வந்தால் மட்டும் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் கையிலுள்ள பாகத்தின் கடைசியில் இருக்கும் சொற்பட்டியல். கூகுளில் தேடவே வேண்டாம். பெயரை அடிக்கும்போதே அவர் கதி என்ன என்று காட்டிவிடும்.

2004-ல் வந்த முன்கதையை முதலில் எடுக்காதீர்கள். 1990-ல் வெளியான முதல் பாகமே சரியான வாசல்.

தடுக்கி விழுவது 8 முதல் 10 வரை. அதிலும் 10-ஆம் பாகத்தின் பெரும்பகுதி, 9-ஆம் பாகத்தின் உச்சக்கட்டம் நடந்த அதே நாட்களில் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதுதான். இது தெரியாவிட்டால் கதை நகரவில்லை என்று எரிச்சல் வரும். இங்கே தினம் பத்துப் பக்கம் என்று கிள்ளிக் கிள்ளிப் படித்தால் இன்னும் இழுக்கும். காட்பாடியிலிருந்து சென்னை போகும் ரயில் பயணம், வெளியே தலைகாட்ட முடியாத வேலூர் மே மாத மதியம் என நீண்ட நேரமாக ஒதுக்குங்கள். 11-ல் மறுபடி வேகம் பிடிக்கும்.

ஜோர்டான் 2007-ல் காலமானார். கடைசி மூன்றையும் அவர் குறிப்புகளை வைத்து முடித்தவர் பிராண்டன் சாண்டர்சன். நடை மாறும், ஐம்பது பக்கத்தில் பழகிவிடும்.